112 வெற்றிகளை அழித்து என்ன ஆயிற்று? பென் ஸ்டேட் மூடிமறைப்பும் என்.சி.ஏ.ஏ. தண்டனையும்

2012 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊர். பீவர் ஸ்டேடியத்துக்கு வெளியே வேலி போட்டு, நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு, ஏழடி வெண்கலச் சிலை ஒன்றைத் தொழிலாளர்கள் பெயர்த்தெடுத்தார்கள். விரலை உயர்த்தியபடி ஓடிவரும் ஜோ பேட்டர்னோவின் சிலை அது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 46 சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். சிலை அங்கே வந்தது 2001 நவம்பரில். அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் மார்க் எம்மர்ட் தண்டனையை அறிவித்தார். பேட்டர்னோவின் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமையைப் பல்கலைக்கழகம் மூடிமறைத்தது என்பதற்காக. 6 கோடி டாலர் அபராதம். சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் நான்கு வருடம் இடமில்லை. வருடத்துக்கு 25 புது வீரர்களுக்குக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப்பை 15 ஆகக் குறைக்க வேண்டும். 1998 முதல் 2011 வரை அணி பெற்ற 112 வெற்றிகள் பதிவேட்டில் செல்லாது. ஐந்து வருடக் கண்காணிப்பு.

இரண்டரை வருடம் கழித்து, 2015 ஜனவரி 16 அன்று, அந்த 112 வெற்றிகளும் திரும்பி வந்தன. பவுல் தடையும் ஸ்காலர்ஷிப் வெட்டும் அதற்கு முன்பே போய்விட்டன. மிஞ்சியது அபராதப் பணமும், யாரும் பேசாத ஒரு கண்காணிப்பு ஒப்பந்தமும்தான்.

ஒரு கல்லூரியின் நிர்வாகமே கூடி உட்கார்ந்து ஒரு குற்றத்தை அமுக்கினால், விளையாட்டு அமைப்பு யாரை, எப்படித் தண்டிக்க வேண்டும்? பென் ஸ்டேட்டைவிட நல்ல பாடம் இதற்கு எனக்குத் தெரிந்து வேறில்லை. எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கும் இதுதான் பாடம்.

ஐஸ்கிரீமில் பெயர் இருந்த மனிதர்

ஸ்டேட் காலேஜ் மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். செல்லப் பெயர் ‘ஹேப்பி வேலி’. ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஊரில் வசிப்பவர்களைவிட ஸ்டேடியத்துக்குள் இருக்கும் கூட்டம் அதிகம். பல்கலைக்கழகம் நடத்தும் ஐஸ்கிரீம் கடையில் ‘பீச்சி பேட்டர்னோ’ என்று ஒரு ரகம் உண்டு. பேட்டர்னோவின் கீழ் தற்காப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜெர்ரி சாண்டஸ்கியின் பெயரிலும் ஒன்று இருந்தது, ‘சாண்டஸ்கி ப்ளிட்ஸ்’. வாழைப்பழ ஐஸ்கிரீமில் சாக்லெட் பூசிய வேர்க்கடலையும் காரமெலும். 2011 நவம்பரில் அவர் கைதான பிறகுதான் அதை விற்பதை நிறுத்தினார்கள்.

பேட்டர்னோவின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இன்னொரு அளவுகோல் 2004இல் கிடைத்தது. அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் (நம்மூர்த் துணைவேந்தர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியும் பேட்டர்னோவின் வீட்டுக்கே போய், ஓய்வு பெறலாமே என்று பேசிப் பார்த்தார்கள். அவர் முடியாது என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். யார் யாருக்கு மேலதிகாரி என்பது காகிதத்தில் ஒன்று, ஊரில் வேறொன்று.

சாண்டஸ்கி 1977இல் ‘த செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டுச் சூழல் சரியில்லாத சிறுவர்களுக்காக. பிற்பாடு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் அதன் வழியாக அவரிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள்.

1998இல் ஒரு தாய் பல்கலைக்கழகப் போலீஸிடம் புகார் கொடுத்தார். அணியின் கட்டடத்தில் தன் 11 வயது மகனோடு சாண்டஸ்கி ஷவரில் குளித்திருக்கிறார் என்பது புகார். விசாரணை நடந்தது, வழக்குப் போடவில்லை. அப்போது பல்கலைக்கழகத்தின் மூத்த துணைத் தலைவராக இருந்த கேரி ஷுல்ட்ஸ் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள் பின்னால் வெளிவந்தன. கிணறு தோண்டப் பூதம் கிளம்பும் கதையாகிவிடுமோ, வேறு பிள்ளைகளும் இருக்கிறார்களோ என்ற பொருள்பட இரண்டு கேள்விகள் அதில் இருந்தன. சரியான கேள்விகள். பல்கலைக்கழகப் போலீஸ் துறையே அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. கேள்வி காகிதத்தோடு நின்றுவிட்டது.

மறுவருடம் சாண்டஸ்கி ஓய்வு பெற்றார். கௌரவப் பட்டம் கிடைத்தது. அணியின் கட்டடங்களுக்குள் வந்துபோகும் உரிமையும் அப்படியே இருந்தது.

2000இல் அதே கட்டடத்தில் இரவு வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். கொரியப் போரில் இருந்தவர். சக தொழிலாளர்களிடம் நடுங்கிக்கொண்டே சொன்னார். யாரும் புகார் செய்யவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டபோது, அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொன்ன பதிலின் சாரம்: இந்தப் பல்கலைக்கழகத்தை நடத்துவதே கால்பந்துதான், வாயைத் திறந்திருந்தால் எங்களுக்கு வேலை போயிருக்கும். பெரிய இடத்து விஷயம் நமக்கெதற்கு என்று நம்மூரில் சொல்வோமே, அதேதான். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2001 பிப்ரவரி 27

அந்த மாதம் 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, மைக் மெக்குவேரி என்ற இளம் உதவிப் பயிற்சியாளர் அதே ஷவர் அறையில் சாண்டஸ்கியையும் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவனையும் பார்த்தார். அப்பாவிடம் சொன்னார். மறுநாள் காலை பேட்டர்னோவின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னார். பேட்டர்னோ தகவலைக் கர்லிக்கும் ஷுல்ட்ஸுக்கும் கொண்டுபோனார், ஆனால் உடனே அல்ல. அவர்களுடைய வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்ததாகப் பத்து வருடம் கழித்து கிராண்ட் ஜூரி முன்பு சாட்சியம் சொன்னார்.

கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பேனியர் மூவரும் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். சாண்டஸ்கியிடம் பேசுவது, செகண்ட் மைலுக்குச் சொல்வது, மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்குத் தகவல் கொடுப்பது. இந்த மூன்றாவதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

27ஆம் தேதி கர்லி மின்னஞ்சல் அனுப்பினார். இன்னும் யோசித்துப் பார்த்ததில், முந்தைய நாள் ஜோவிடமும் பேசியதில், முடிவு செய்தபடி போவது தனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதலில் சாண்டஸ்கியிடமே பேசலாம், அவர் ஒத்துழைக்காவிட்டால் அரசுத் துறைக்குப் போகலாம் என்று எழுதினார். ஸ்பேனியர் ஒப்புக்கொண்டு பதில் போட்டார். இது மனிதாபிமானமான, நியாயமான வழி என்றார். ஒரே ஒரு பாதகம்தான் அவருக்குத் தெரிந்தது: சொன்ன சொல்லை சாண்டஸ்கி கேட்காமல் போனால், புகார் செய்யாமல் விட்டதற்காக நாம் மாட்டிக்கொள்ள நேரிடும்.

இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கோபத்திலோ பயத்திலோ எழுதியதாகத் தெரியவில்லை. பட்ஜெட் கூட்டத்தில் ஒரு செலவைத் தள்ளிப்போடும்போது எழுதும் குரல் அது. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அந்தச் சிறுவன் இல்லை. அவன் யார், எங்கே இருக்கிறான் என்று யாரும் விசாரிக்கவே இல்லை.

முழுப் பூசணிக்காயை ஒரே ஆள் சோற்றில் மறைத்ததாகத்தான் இதைப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் மேலே சொல்லிவிட்டேன் என்றார், இயக்குநர் சாண்டஸ்கியிடம் பேசிவிட்டேன் என்றார், தலைவர் சம்மதித்தேன் என்றார். அவரவர் தட்டைத் தனியாகப் பார்த்தால் சோறு மட்டும்தான் தெரியும். அந்த வருட நவம்பரில்தான் சிலை வந்தது.

எட்டு மாதத்தில் அறிக்கை, பதினோராவது நாளில் தீர்ப்பு

2008இல் வேறொரு மாவட்டத்தில் ஒரு பள்ளி மாணவன் வாய் திறந்த பிறகுதான் அசல் விசாரணை தொடங்கியது. 2011 மார்ச்சில் சாரா கானிம் என்ற இளம் நிருபர் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியை உடைத்தார்; மறுவருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2011 நவம்பர் 5 அன்று சாண்டஸ்கி கைது. நான்கு நாள் கழித்து பேட்டர்னோவை அறங்காவலர் குழு தொலைபேசியில் வேலையை விட்டு நீக்கியது, ஸ்பேனியர் பதவி விலகினார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, ஒரு டிவி செய்தி வேனைக் கவிழ்த்தார்கள். போராட்டம் பிள்ளைகளுக்காக அல்ல, பயிற்சியாளருக்காக. பேட்டர்னோ 2012 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

2012 ஜூன் 22 அன்று 48 குற்றச்சாட்டுகளில் 45இல் சாண்டஸ்கி குற்றவாளி என்று ஜூரி சொன்னது. தண்டனை 30 முதல் 60 வருடச் சிறை. ஆக, குற்றம் செய்தவனை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. மிச்சமிருந்தது மூடியவர்களின் கணக்கு.

பல்கலைக்கழக அறங்காவலர் குழு எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயை நியமித்திருந்தது. ஜூலை 12 அன்று அவருடைய அறிக்கை வந்தது. 430 பேருக்கு மேல் விசாரித்து, 35 லட்சம் மின்னஞ்சல்களையும் ஆவணங்களையும் அலசியதாக அறிக்கை சொன்னது. ஆனால் பேட்டர்னோ உயிரோடு இல்லை. கர்லி, ஷுல்ட்ஸ், மெக்குவேரி மூவரிடமும் ஃப்ரீ குழு பேசவில்லை. இருந்தும் நால்வர் சேர்ந்து மறைத்தார்கள் என்று முடிவு கட்டியது. பேட்டர்னோ குடும்பம் இதைக் கடுமையாக மறுத்து, தன் பங்குக்கு ஒரு எதிர் அறிக்கை போட்டது.

பதினோரு நாளில், ஜூலை 23 அன்று, என்.சி.ஏ.ஏ. தண்டனை அறிவித்துவிட்டது. அவர்களுக்கென்று விதிமீறல் குழு ஒன்று உண்டு. வழக்கமாக நோட்டீஸ் போகும், பதில் வரும், விசாரணை நடக்கும், மேல்முறையீடு இருக்கும். பென் ஸ்டேட் விஷயத்தில் இது எதுவும் நடக்கவில்லை. ஃப்ரீ அறிக்கையை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு, புதிய பல்கலைக்கழகத் தலைவர் ராட்னி எரிக்சனிடம் ஓர் ஒப்புதல் ஆணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். போடாவிட்டால் அணியையே சில வருடம் மூடும் ‘மரண தண்டனை’ வரும் என்ற பேச்சு இருந்ததாக எரிக்சன் பின்னால் சொன்னார்.

அந்தப் பயமுறுத்தலின் உள்ளே என்ன இருந்தது என்பது 2014 நவம்பரில் வெளிவந்தது. அபராதப் பணம் பென்சில்வேனியாவுக்குள்தான் செலவாக வேண்டும் என்று மாநில செனட்டர் ஜேக் கார்மன் தொடுத்த வழக்கில், என்.சி.ஏ.ஏ. அதிகாரிகளின் உள் மின்னஞ்சல்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. நம் அணுகுமுறை ஒரு ‘பிளஃப்’, வெறும் மிரட்டல் என்று அமைப்பின் விதி அமலாக்கத் தலைவரே எழுதியிருந்தார். தங்களுக்கு இதில் அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் உள்ளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் சமரசம். வெற்றிகள் திரும்பி வந்தன, பேட்டர்னோவின் மொத்த வெற்றிக் கணக்கு மறுபடி 409 ஆனது.

அந்த நாட்களிலேயே பென் ஸ்டேட் ஐஸ் ஹாக்கி அணி ஹெல்மெட்டில் 409 என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஆடியது. ஷவர் அறையையும் சிறுவர்களையும் பற்றி இருந்த பேச்சு, ஒரு எண்ணைப் பற்றிய பேச்சாக மாறிப்போனது. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது என்.சி.ஏ.ஏ.தான் என்பது என் கருத்து. வெற்றியை அழிப்பது சின்னப்பிள்ளை வேலை. லட்சம் பேர் கண்ணால் பார்த்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று எழுதினால் யார் நம்புவார்கள்? அழித்ததால் அது கொடியாயிற்று.

அடி யார் மேல் விழுந்தது

2012இல் அந்த அணியில் ஆடிய பையன்கள், மெக்குவேரி அந்த அறைக்குள் நுழைந்தபோது ஏழு முதல் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள். அவர்களுக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான்கு வருட பவுல் தடை என்றால் ஒரு கல்லூரி வீரனின் மொத்த ஆட்ட வாழ்க்கை. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தார்கள். வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று அப்போது இருந்த விதியை அந்த வீரர்களுக்குத் தளர்த்தினார்கள். முன்னணி ஓட்டக்காரர் சைலஸ் ரெட் கலிஃபோர்னியாவுக்குப் போனார். பெரும்பாலானவர்கள் தங்கினார்கள். மைக்கேல் மௌட்டி, மைக்கேல் ஸார்டிச் என்ற இரண்டு மூத்த வீரர்கள் சக வீரர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, நாங்கள் போகமாட்டோம் என்று கேமரா முன் அறிவித்தார்கள். புதுப் பயிற்சியாளர் பில் ஓ’பிரையன் கீழ் அந்த சீசனில் எட்டு வெற்றி, நான்கு தோல்வி. 2016இல் அணி, தான் ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழக லீக்கில் சாம்பியன். ‘அழிந்தது பென் ஸ்டேட்’ என்று 2012இல் எழுதியவர்கள் நிறையப் பேர்.

சரி, கணக்குப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? கர்லியும் ஷுல்ட்ஸும் 2017 மார்ச்சில் குழந்தைகளை ஆபத்தில் விட்ட சிறுகுற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியர் விசாரணையைச் சந்தித்தார்; அதே குற்றத்தில் ஒரு பிரிவில் மட்டும் தண்டனை, சதிக் குற்றச்சாட்டில் விடுதலை. மேல்முறையீடெல்லாம் முடிந்து 2021இல் அவர் மாவட்டச் சிறையில் இருந்தது 58 நாள். நால்வர் சேர்ந்து மறைத்தார்கள் என்று என்.சி.ஏ.ஏ. உறுதியாக எழுதியதில், நீதிமன்றத்தில் நின்றது இவ்வளவுதான். அதற்காக அவர்கள் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆதாரத்தைச் சோதிக்காமல் போட்ட தண்டனைக்கு அஸ்திவாரம் எவ்வளவு மெலிது என்று பாருங்கள்.

என்.சி.ஏ.ஏ. ஆணை இந்த மூவரையும் பற்றி ஒன்றும் செய்யவில்லை. குற்ற வழக்குகள் முடியட்டும், அப்புறம் தனிநபர் விவகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. 2011-12 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத் தலைவர்களிலேயே அதிக வருமானம் பெற்றவர் ஸ்பேனியர்தான். விலகல் தொகையெல்லாம் சேர்த்து சுமார் 29 லட்சம் டாலர். அந்த மின்னஞ்சலை எழுதியவர் பதவியை விட்டுப் போன வருடம் அது.

மற்ற வழக்குகளில்

என்.சி.ஏ.ஏ.வுக்குச் சரியான ஆயுதமே இல்லை என்று சொல்ல முடியாது. 2003இல் டெக்சஸின் பேய்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் பேட்ரிக் டென்னஹி கொலை செய்யப்பட்டார். கொன்றது முன்னாள் சக வீரர். ஆனால் டென்னஹியின் படிப்புச் செலவைப் பயிற்சியாளர் டேவ் பிளிஸ் விதியை மீறித் தானே கட்டிவந்தது வெளியே வரும் நிலை. என்ன செய்தார் தெரியுமா? செத்துப்போன பையன் போதைப்பொருள் விற்றுச் சம்பாதித்தான் என்று விசாரணையில் சொல்லும்படி வீரர்களுக்குப் பாடம் நடத்தினார். அபார் ரௌஸ் என்ற உதவிப் பயிற்சியாளர் இதைச் சட்டைப்பையில் வைத்திருந்த கருவியில் பதிவு செய்து வெளியே கொண்டுவந்தார்.

பிளிஸுக்குக் கிடைத்தது பத்து வருட ‘ஷோ-காஸ்’ உத்தரவு. நம் அலுவலகங்களில் ஷோ-காஸ் நோட்டீஸ் என்றால் தப்பு செய்த ஊழியரிடம் விளக்கம் கேட்பது. அங்கே அது, அவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் அடுத்த கல்லூரியிடம் போகும் கேள்வி: இவரை எடுத்தால் உங்களுக்கும் ஏன் தண்டனை வரக்கூடாது, காரணம் சொல்லுங்கள். ஆள் எங்கே போனாலும் தண்டனை கூடவே போகும். நிறுவனத்தை விட்டு ஓடினாலும் தப்ப முடியாத ஒரே தண்டனை இதுதான். ஆனால் இது நடைமுறையில் பயிற்சியாளர்களோடும் விளையாட்டுத் துறைக்காரர்களோடும் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத் தலைவர் மேல் பாய்வதில்லை. காரணம் எளிது. அமைப்பின் மேல்மட்டக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களே பல்கலைக்கழகத் தலைவர்கள்தான்.

1987இல் டெக்சஸின் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குக் கொடுத்த ‘மரண தண்டனை’யைப் பலரும் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த வழக்கு. ஒருமுறை பிடிபட்டு, இனி கொடுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாய் மூடியிருக்க வேண்டுமே என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அது தெரிந்தவர்களில் ஒருவர் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்து பின் மாநில ஆளுநரான பில் கிளமென்ட்ஸ். அணியை மூடினார்கள், அடுத்த பவுல் ஆட்டம் ஆட அந்த அணிக்கு 2009 வரை ஆயிற்று. கிளமென்ட்ஸ் 1991 வரை ஆளுநராகவே இருந்தார்.

பென் ஸ்டேட்டில் சூடு பட்ட பிறகு என்.சி.ஏ.ஏ. மறுபக்கம் சாய்ந்தது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர் லேரி நாசரின் பாலியல் குற்ற வழக்கில் 332 பேருக்கு 50 கோடி டாலர் தர 2018இல் பல்கலைக்கழகம் சம்மதித்தது. அதே வருடம் என்.சி.ஏ.ஏ. விசாரித்துவிட்டு, எங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்று கோப்பை மூடியது. அதே பேய்லர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில், வீரர்கள் மேல் வந்த பாலியல் வன்முறைப் புகார்களை நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட வழக்கு 2021 ஆகஸ்டில் முடிந்தது. அறம் தவறியது உண்மை, ஆனால் தண்டிக்க எங்களிடம் விதி இல்லை என்று விதிமீறல் குழு எழுதியது. வேறு சில்லறை மீறல்களுக்கு நான்கு வருடக் கண்காணிப்பும் அபராதமும். அபராதம் 5,000 டாலர். ஒரு பக்கம் 6 கோடி, மறுபக்கம் ஐந்தாயிரம். மறைத்ததற்கென்று எழுதப்பட்ட விதி இரண்டு வழக்கிலும் கிடையாது.

அந்த மின்னஞ்சலை எப்படித் தண்டிப்பது

தண்டனை அந்தக் கணக்கைக் குறிவைக்க வேண்டும். புகார் செய்வதைவிட மறைப்பது மலிவு என்று ஒரு தலைவருக்கு ராத்திரி பத்து மணிக்குத் தோன்றினால், அந்த இடத்தில் அவருக்குப் பயம் வர வேண்டும். அணி நான்கு வருடம் பவுல் ஆடாது என்ற பயம் போதாது, அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

முதலில் விதி எழுதப்பட வேண்டும். விளையாட்டுத் துறையின் கட்டடத்திலோ, அதன் ஆட்களாலோ ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததாகக் காதில் விழுந்தால், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள போலீஸிடம் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாதது தனி மீறல். இப்படி ஒரு வரி 2012இல் இருந்திருந்தால் எம்மர்ட்டுக்கு மிரட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது. விதி இல்லாததால்தான் ‘நிறுவனக் கட்டுப்பாடு’, ‘நேர்மை’ என்ற பொத்தாம்பொதுச் சொற்களை இழுத்துப் பார்த்தார்கள். நீதிமன்றம் நெருங்கியதும் பின்வாங்கினார்கள்.

ஷோ-காஸ் உத்தரவு தலைவர், துணைத் தலைவர், அறங்காவலர் வரை போக வேண்டும். விலகல் தொகையை நிறுத்திவைக்கும் நிபந்தனையை உறுப்பினர் கல்லூரிகள் பணி ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். 29 லட்சம் டாலர் வங்கியில் வந்து விழாது என்று தெரிந்தால் மின்னஞ்சலின் நடை மாறும்.

அவசரத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறுக்கவில்லை. நீதிமன்றம் முடிய 2017 ஆயிற்று. ஆறு வருடம் எந்த அமைப்பும் சும்மா இருக்க முடியாது. ஆனால் பதினோரு நாளில் தீர்ப்பு சொல்வதற்கும் ஆறு வருடம் காத்திருப்பதற்கும் இடையே இடைக்கால உத்தரவு என்று ஒன்று இருக்கிறதே. டிவி வருமானத்தில் அந்த அணியின் பங்கைப் பிடித்து ஒரு தனிக் கணக்கில் போட்டுவிடலாம். விசாரணை முடிந்ததும் பணம் திரும்பலாம், அல்லது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகலாம். பிக் டென் அமைப்பு 2012இல் சுமார் 1.3 கோடி டாலர் பவுல் வருமானத்தைப் பிடித்துக் குழந்தைகள் நலத்துக்கு ஒதுக்கியபோது, யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பணத்துக்காக யாரும் கொடி பிடிப்பதில்லை.

என்.சி.ஏ.ஏ. இந்தத் திசையில் மெதுவாக நகர்கிறது. 2023இல் டென்னஸி அணிக்கு, வீரர்களுக்கு விதியை மீறிப் பணமும் சலுகையும் கொடுத்த வழக்கில், பவுல் தடை இல்லாமல் 80 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2025 ஆகஸ்டில் மிச்சிகன் அணியின் சைகைத் திருட்டு வழக்கு, அதாவது எதிரணிப் பயிற்சியாளர்கள் தங்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளைத் திருடிய வழக்கு. விசாரணை தொடங்கியதும் ஓர் ஊழியர் தன் கைப்பேசியைக் குளத்தில் வீசினார். அந்த ஊழியரோடு பேசிய 52 குறுஞ்செய்திகளை ஒரு பயிற்சியாளர் அழித்தார். பவுல் தடைக்குத் தகுதியான குற்றம்தான், ஆனால் இப்போது ஆடும் பையன்களைத் தண்டிக்க மாட்டோம் என்று சொல்லி, கோடிக்கணக்கில் அபராதமும் தனிநபர்கள் மேல் ஷோ-காஸும் விதித்தார்கள். எதிரணியின் சைகையைத் திருடியதற்கு இவ்வளவு வந்திருக்கிறது. பிள்ளைகள் மேல் நடந்த குற்றத்தை மறைத்தால் என்ன என்பதற்கு இன்னும் விதி இல்லை.

2012 ஆணையில் எல்லோரும் கவனிக்காமல் விட்ட பகுதிதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் வெளிக் கண்காணிப்பாளர். விளையாட்டுத் துறைக்குத் தனியாக ஒரு நேர்மை அதிகாரி. பெயர் சொல்லாமல் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண். 2015 சமரசத்துக்குப் பின்னும் இது ரத்தாகவில்லை. வழக்குப் போட்டவர்கள்கூட இதை எடு என்று கேட்கவில்லை. 2000இல் இரவு வேலை பார்த்த அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு இருந்திருக்க வேண்டியது இந்த எண்தான்.

சொன்னவர்களின் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. மெக்குவேரியைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வழக்குப் போட்டார், 2016இல் ஜூரி 73 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, நீதிபதி சுமார் 50 லட்சம் சேர்த்தார். பயிற்சியாளர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பேய்லரில் ஒலிப்பதிவு செய்த ரௌஸுக்கு, பெரிய அணிகள் எதிலும் கதவு திறக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளரை ரகசியமாகப் பதிவு செய்தவன் என்ற பெயர்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மேல் என்.சி.ஏ.ஏ. எந்த உத்தரவும் போடவில்லை. பிளிஸ் பத்து வருட உத்தரவு முடிந்ததும், 2015இல், ஓக்லஹோமாவில் ஒரு சிறிய கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.